பேசி முடிப்பது யாருக்காக?

"போலீசு, கேசுன்னு போனா புள்ளைக்குத்தான் அசிங்கம். ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்."

ஆலத்தூர் நாட்டில் மட்டுமல்ல, கொல்லிமலையில் நாடு என்று அழைக்கப்படும் பதினான்கு ஊர்ப்பகுதிகளிலும் இந்தப் பேச்சு புழங்குகிறது. மிளகுத் தோட்டத்தில் மேஸ்திரி கையைப் பிடித்தாலும் இதுதான் தீர்ப்பு. மலைக்குக் கீழே மில்லில் சூப்பர்வைசர் உரசினாலும் இதுதான். தங்கும் விடுதியில் அறை பெருக்கப் போனவளிடம் முதலாளி தகாத பேச்சுப் பேசினாலும் இதுதான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெற்ற தாய் சொல்கிறாள், வாத்தியார் சொல்கிறார், மகளிர் குழுத் தலைவியும் சொல்கிறார். நல்லவர்கள் வாயிலிருந்து வருவதால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் தரப்பை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன். மலையில் கூலி வேலை என்பது நாலைந்து பேரின் கையில் இருக்கிறது. ஒருவரைப் பகைத்தால் நாலு பேரும் கூப்பிட மாட்டார்கள். மாவட்ட அளவில் புகார் கொடுக்க எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போக வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. ஸ்டேஷனில் மலைக்காரர் என்றால் குரல் தானாகவே உயரும். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். செய்தவன் பத்து நாளில் மறுபடி வெள்ளை வேட்டியில் வருவான். பெண்ணின் பெயரோ பத்து வருஷம் ஆனாலும் மாறாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப்போவதே புத்தி.

இதில் சொல்லப்பட்ட கஷ்டங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய்யாக இருப்பது கடைசி வரி. கஷ்டங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, அவற்றைத் தீர்க்க வேண்டியவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல், முழு மூட்டையையும் பாதிக்கப்பட்டவளின் தலையில் ஏற்றுகிறது அந்த வரி. புகார் வாங்க வேண்டியவர்கள் தங்கள் வேலையைச் செய்யாத குறையை, பெண்ணின் பொறுமை என்று பெயர் மாற்றி வைக்கிறது. என் மறுப்பு இதுதான். இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. "ஊருக்குள்ளேயே பேசி முடிக்கலாம்"

யார் பேசுவார்கள்? முடிவது எது? ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் உட்காருவார்கள். பெண்ணின் பக்கம் அப்பனோ அண்ணனோ நிற்பான். அவள் கதவோரம் நிற்பாள், அல்லது வீட்டிலேயே இருப்பாள். குற்றம் செய்தவன் மன்னிப்புக் கேட்பான், கோயிலுக்கு அபராதம் கட்டுவான். பேச்சு முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை அதே தோட்டத்தில் அதே மேஸ்திரியிடம் அவள் ஆள் கணக்கு சொல்லியாக வேண்டும். அது மட்டும் முடியாது.

வரப்புத் தகராற்றையும் பங்காளிச் சண்டையையும் ஊர் தீர்க்கும். அதற்கு ஊருக்கு அனுபவம் இருக்கிறது. காரணம், அங்கே இரண்டு பேரும் ஊரார், இரண்டு பேரும் ஊருக்குக் கட்டுப்பட்டவர்கள். வேலை கொடுப்பவனுக்கும் வேலை செய்பவளுக்கும் இடையே அப்படியொரு சமம் கிடையாது. தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் கீழ்நாட்டுக்காரராக இருந்தால் ஊர்க்கூட்டத்துக்கு வரவே மாட்டார். மில் சூப்பர்வைசருக்கு நம் ஊர்க்கவுண்டர் யார் என்றே தெரியாது. ஊரின் கை எட்டாத ஆளை ஊர் எப்படித் திருத்தும்? கடைசியில் எட்டுகிற இடம் பெண்ணின் முதுகுதான். "நீ ஏன் தனியா போனே?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

மானத்துக்காகத்தான் ஊருக்குள் பேசுகிறோம் என்கிறார்கள். மரத்தடியில் இருபது பேர் கேட்கப் பேசுவது மானம் காக்கும் வழியா? 2013ஆம் ஆண்டு வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் புகார்தாரரின் பெயர், முகவரி, விசாரணையில் வந்த சங்கதி எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று தடை விதிக்கிறது. சொன்னால் தண்டம் உண்டு. சமரசத்தையும் அந்தச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை வைக்கிறது: கேட்பது அந்தப் பெண்ணாக இருக்க வேண்டும், சமரசத்துக்கு அடிப்படை பணமாக இருக்கக்கூடாது. ஊர்ப் பேச்சில் இந்த இரண்டும் தலைகீழ். அவளைத் தவிர எல்லோரும் சமரசம் கேட்கிறார்கள். முடிவு ரூபாயில் வருகிறது.

2. "நடந்திருந்தா அப்பவே சொல்லியிருக்க மாட்டாளா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், முந்தின வாதத்தைச் சொன்னதும் தாங்களேதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். சொல்லாதே என்று தடுத்தது யார்? தடுத்த வாயே தாமதத்தையும் கேள்வி கேட்டால், அந்தப் பெண் எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளிதான்.

தாமதத்துக்குக் காரணம் வேண்டுமா? பஞ்சாலை விடுதிக்குப் போன மலைப்பெண்களைக் கேளுங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தப் பணம் என்று ஆசைகாட்டி அழைத்துப்போன காலத்தை இந்தப் பக்கத்து ஊர்கள் மறந்திருக்காது. நடுவில் வெளியேறினால் அந்தப் பணம் கையை விட்டுப்போகும். செல்போன் வார்டன் கையில். வீட்டுக்குப் பேசுவது வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஆள் நிற்க. இரண்டரை வருஷம் முடித்தவள் மீதி ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டு பல்லைக் கடிப்பாளா, சூப்பர்வைசர் மேல் எழுதிக் கொடுப்பாளா?

ஏழைப் பெண் பயந்தாள், சரி. அதிகாரமுள்ள பெண்ணின் கதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 21 அன்று, முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சட்டம் ஒழுங்கு சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் தன் காரில் வைத்துத் தொந்தரவு செய்ததாக ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி புகார் சொன்னார். அவர் ஒரு மாவட்டத்துக்கே போலீஸ் தலைமை வகிக்கும் எஸ்.பி. அந்தஸ்தில் இருந்தவர். புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன வழியில் செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் அவருடைய கார் மறிக்கப்பட்டது. மறித்தது போலீஸ். விழுப்புரம் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.

காரில் போன போலீஸ் அதிகாரியையே புகார் கொடுக்கவிடாமல் நடுரோட்டில் நிறுத்த முடிந்தது. தோளில் காப்பிப் பழக்கூடை சுமப்பவள் உடனே சொல்லவில்லை என்று எந்த வாயால் கேட்கிறோம்? 2013 சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதம் வரை புகார் கொடுக்கலாம். வர முடியாத சூழ்நிலை இருந்ததென்று புகாரை விசாரிக்கும் குழு ஏற்றுக்கொண்டால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். போலீஸ் வழக்குக்கு இந்தக் கெடுவும் தடையில்லை.

3. "சாட்சி எங்கே? பொய்ப் புகாரா வந்து குவியும்"

தனியாக இருக்கும்போது செய்துவிட்டுச் சாட்சி கேட்பது எவ்வளவு வசதியான வாதம்! இருந்தாலும் இதைக் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். வேண்டாதவர் மேல் பழி போடுகிற சங்கதி எந்த ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு.

அதற்குத்தான் விசாரணை. புகார் வந்தால் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போகிறது. அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தரலாம், தன் சாட்சிகளைச் சொல்லலாம். வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை. காசுள்ளவன் பெரிய வக்கீலை இறக்கி ஏழையை மிரட்ட முடியாது. தொண்ணூறு நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று தனியாக விசாரித்து நிரூபணமானால் புகார் கொடுத்தவர் மீதும் நடவடிக்கை உண்டு. அதே சமயம், நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகாது என்றும் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். விசாரணைக் குழு இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது? டீக்கடைப் பேச்சு இருக்கிறது. அங்கே நகல் கிடையாது, பதில் சொல்ல நாள் கிடையாது, தீர்ப்பு கிடையாது. வதந்தியில் மாட்டிய நிரபராதி அதிலிருந்து வெளியே வரவே முடியாது. பொய்ப் புகாருக்குப் பயப்படுகிற ஆண்கள்தான் முதல் ஆளாக நின்று எங்களுக்குக் குழு வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைப் படிப்பவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

4. "அது ஆபீசில் வேலை பார்க்கும் படித்த பெண்களுக்கான சட்டம்"

இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. இந்தச் சட்டத்தின் வேர் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ராஜஸ்தானின் படேரி கிராமத்தில் பன்வாரி தேவி என்ற குயவர் சமூகத்துப் பெண் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்டப் பணியாளராக இருந்தார். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992 செப்டம்பரில் ஆதிக்க சாதி ஆட்களால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதற்கு முன்பே, அந்த வன்கொடுமையைக் கண்டு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்ததால்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நெறிமுறைகள்தான் 2013இல் சட்டமாயின. இன்று சென்னை ஐ.டி. கம்பெனியில் ஏசி அறைக்குள் புகார்க் குழு உட்காருகிறதென்றால், அந்த நாற்காலியைப் போட்டுக்கொடுத்தது படேரியின் மண்சாலையில் நடந்த ஒரு பெண். இதைப் பட்டணத்துச் சட்டம் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்பது அதன் வரிகளிலேயே தெரிகிறது. தினக்கூலி, ஒப்பந்தக் கூலி, சம்பளமில்லாத பயிற்சி, வீட்டு வேலை எல்லாம் அதற்குள் அடங்கும். வேலைக்கு ஏற்றிப்போகும் முதலாளியின் வேன்கூடப் பணியிடம்தான். விடியற்காலை இருட்டில் மலையிறங்கும் மில் வேனுக்குள் நடப்பதும் சட்டத்தின் கணக்கில் வருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், குற்றம் சொல்லப்படுவது முதலாளியே ஆனாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவின் உறுப்பினரே எழுதிக்கொடுக்க உதவ வேண்டும். அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் வட்டாரத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்து வர வேண்டும். மிளகு உதிர்க்கும் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்காரத் தடை எதுவும் இல்லை.

இன்னொரு வரி நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. கிராமப்புறத்திலும் பழங்குடிப் பகுதியிலும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தாலுகாவுக்கும் ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பழங்குடி என்ற சொல் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. எழுபது வளைவு இறங்க வேண்டியது புகார்க் காகிதம். பெண் இறங்க வேண்டியதில்லை.

அந்த அலுவலர் யார்? ஆலத்தூர் நாட்டில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் கேளுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பத்துப் பேரிடம் கேளுங்கள். கிடைக்கும் பதிலில் இந்தச் சட்டம் நம் மலையில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, 2023 மே மாதம், அது நடைமுறையில் மோசமாகத் தவறியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. 2024 டிசம்பர் 3 அன்று எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்து, மாவட்ட அலுவலர்கள், உள்ளூர்க் குழுக்கள், தாலுகா தொடர்பு அலுவலர்கள் எல்லாரையும் நியமிக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவு போட்டது. சட்டம் எழுதியவர்கள் ஒருமுறை சொல்லிவிட்டார்கள், நீதிமன்றம் இருமுறை சொல்லிவிட்டது. நாம்தான் இன்னும் பெண்ணிடம் "விட்டுடு சாமி" என்கிறோம்.

5. "மலைக்காரங்க பேச்சு எடுபடாது"

எடுபடாது என்பதற்கு நம் இனத்திலேயே ஒரு பெரிய உதாரணம் காட்டுவார்கள்: வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்து மலையாளிப் பழங்குடி ஊர் ஒன்றுக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசாங்கம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. சீருடைக்கு எதிராக யார் பேச முடியும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கதையின் முன்பாதி போதும்.

பின்பாதியையும் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அடையாள அணிவகுப்பில் அதிகாரிகளை நேருக்கு நேர் நின்று அவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

முப்பத்தொரு வருஷம் என்பது கொடுமைதான். அந்தத் தாமதத்துக்கு நீதித்துறையும் அரசும் தலைகுனிய வேண்டும். ஆனால் மலைக்காரி பேச்சு எடுபடாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. 215 பேருக்கு எதிராக எடுபட்டிருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அதன் கீழ், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவன் பழங்குடிப் பெண்ணை அவள் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவது, சைகை காட்டுவது, பேசுவது தனிக் குற்றம். முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் திருத்தமும் வந்தது. ஸ்டேஷனில் "விசாரிச்சுட்டு சொல்றோம், போயிட்டு வா" என்றால், அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை என்று தெரிந்து நிற்க வேண்டும்.

6. "வேலை போயிடும்"

இதுதான் இருப்பதிலேயே வலுவான வாதம். கடைசிக்கு வைத்ததும் அதனால்தான். ஆம், வேலை போகலாம். தனியாகப் புகார் கொடுப்பவளின் வேலை போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் புகார் கொடுக்காதவளின் வேலை நிலைக்கிறதா? மேஸ்திரியின் தொல்லை தாங்காமல் அவள் அடுத்த மாதம் வராமல் நின்றுவிடுகிறாள். "உடம்பு சரியில்ல" என்று சொல்லி ஊருக்கு வந்துவிடுகிறாள். மில்லை விட்டு வந்தவளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள். அதுவும் வேலை போனதுதான். சத்தம் இல்லாமல் போனதால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவள் இடத்துக்கு அடுத்த வருஷம் அவள் தங்கச்சி போகிறாள், அதே மேஸ்திரியிடம்.

மௌனம் வேலையைக் காப்பாற்றவில்லை, சில சமயம் உயிரையும் காப்பாற்றுவதில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பல மாதமாக அந்த ஆளின் தொல்லை இருந்ததாகக் குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அப்போது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் முன்நின்று நடத்தும் சங்கம் அந்த ஆலையை விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும், அங்கே துணி தைத்து வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் ஒப்பந்தம் ஏற்பட்டது. தையல் வரிசைகளிலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. ஆலை மீறியிருந்தால் வெளிநாட்டு ஆர்டரே ஆட்டம் கண்டிருக்கும். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட குறைகள் வந்தன, பெரும்பாலானவை தீர்க்கவும்பட்டன. அதே பெண்கள்தான், அதே தையல் மெஷின்கள்தான். பக்கத்து மெஷின்காரியிடமே சொல்லலாம் என்ற நிலை வந்ததும் வாய் திறந்தது.

எனவே "வேலை போயிடும்" என்ற வாதம் முடிய வேண்டிய இடம் "ஆகவே சொல்லாதே" இல்லை. "ஆகவே தனியாகப் போகாதே" என்பதுதான். மகளிர் குழுக்கள் வட்டிக் கணக்கு மட்டும் பார்க்க ஏற்பட்டவையா? கூட நாலு பெண்கள் போய்ப் புகார் எழுதினால் நாலு தோட்டக்காரரும் எத்தனை பேரை ஒதுக்குவார்கள்? மிளகு பறிக்கும் மாதங்களில் ஆள் கிடைக்காமல் அலைவது அவர்கள்தானே? விசாரணை நடக்கும்போது பெண்ணுக்கு இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி தவறினால் இரண்டு மடங்கு, உரிமமும் போகலாம். வேலை போகும் பயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. செம்மேட்டில் ஒன்றிய அலுவலகச் சுவரிலும், ஒவ்வொரு நாட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும், அங்கன்வாடி வாசலிலும் தொடர்பு அலுவலரின் பெயரும் போன் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும். உள்ளூர்க் குழு மாதம் ஒரு நாளாவது மலைமேல் வந்து உட்கார வேண்டும். மலைப்பெண்ணை மில்லுக்கு ஏற்றிப்போகும் ஏஜெண்டிடம், அங்கே புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று பெற்றவர்கள் கேட்க வேண்டும். பஸ் ஏற்றும்போது கேட்டால் போதும்.

சோளக்காடு சந்தையில் மிளகு விற்கப் போகிறோம். வியாபாரி தராசைச் சாய்த்து நூறு கிராம் அடித்தால் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? "வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்று சாக்கை மடித்துக்கொண்டு வருவார்களா? கல்லை எடு, மறுபடி போடு என்று அங்கேயே நிற்பார்கள். பக்கத்துக் கடைக்காரி வந்து சேர்ந்துகொள்வாள். தராசுக்கு முத்திரை போட்டிருக்கா என்று யாராவது ஒருத்தர் கேட்பார். அசிங்கம் முழுதும் வியாபாரிக்குத்தான். நூறு கிராம் மிளகுக்கு நமக்குத் தெரிந்த இந்த நியாயம், நம் பெண்ணுக்கு மட்டும் எப்படி மறந்துபோகிறது?